முன் டயரும் எஸ்தரின் இடது காலும்

போன மாதம், எங்கள் பால் குளிரூட்டும் நிலையத்தில் என்னோடு வேலை செய்கிற ஒருவர் பழைய பைக் ஒன்று வாங்கினார். "அண்ணா, டயர் ரெண்டும் மொட்டையா கீது. சித்தூர்ல எங்க சீப்பா கெடைக்கும்?" என்று கேட்டார். சேம்பிள் பாட்டில் கழுவப் போவது போல வெளியே போய்க் குழாயடியில் நின்றுவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டியது ஒரு கடையின் பெயர் இல்லை. அது பெரிய கதை, நின்ற இடத்தில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் சாலமோன். நாற்பத்து மூன்று வயது. வீடு சித்தூரில், வேலை பலமனேர் பக்கம். ஊர்களிலிருந்து வருகிற பாலில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மனைவி எஸ்தர் வீட்டிலேயே துணி தைக்கிறாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம், ஜாக்கெட். மகள் ப்ரியா பத்தாவது படிக்கிறாள்.

இருபது வருஷம் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனேன். போன வருஷம் என் ஷிஃப்டை விடியற்காலைக்கு மாற்றினார்கள். அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. பழைய நூறு சிசி பைக் ஒன்று வாங்கி, சபை மைதானத்தில் ஓட்டிப் பழகினேன். கிளட்ச், கியர், நிறுத்துவது, எட்டு போடுவது எல்லாம் பத்து நாளில் வந்துவிட்டது. லைசன்ஸும் வந்துவிட்டது. மைதானத்தில் இறக்கமும் கிடையாது, எதிரே வருகிற லாரியும் கிடையாது. வேகமாக வரும்போது ஒரு வளைவை எப்படி எடுப்பது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாற்பத்திரண்டு வயதில் அதைப் போய்க் கேட்க எனக்குக் கூச்சம்.

வண்டி வாங்கும்போதே இரண்டு டயரும் தேய்ந்திருந்தன. டயர் கடையில் மூன்று விதம் காட்டினார்கள். விளம்பரத்தில் வருகிற கம்பெனியின் புது டயர், அவ்வளவாகப் பெயர் தெரியாத கம்பெனியின் புது டயர், அப்புறம் கடைக்குப் பின்னால் அடுக்கியிருந்த செகண்ட்ஸ், அதாவது வேறு வண்டியிலிருந்து கழற்றியது. அந்த அடுக்கிலிருந்து கடைக்காரர் ஒன்றை எடுத்து உருட்டிவிட்டார். ரோட்டில் படுகிற பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவே பள்ளம் ஆழமாக இருந்தது. கறுப்பு பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தது.

"லோடு எல்லாம் பின்னாடிதான் சார். பின்னாடி புதுசு போடுங்க. முன்னாடி இது போதும், மூணு வருஷம் ஓடும்" என்றார்.

அப்படியே போட்டேன். வீட்டுக்கு வந்ததும் எஸ்தர் வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"ரெண்டும் புதுசா?"

"ரெண்டும் புதுசுதான்."

எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அந்தச் செகண்ட்ஸ் டயரால் மிச்சம் பிடித்தது வெளியே சொல்ல வெட்கப்படுகிற அளவு சின்னத் தொகை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பலமனேரில் உறவுக்காரரின் புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்குப் போய்விட்டு மத்தியானம் மூன்று மணிக்குக் கிளம்பினோம். பெரிய ரோட்டில் லாரிகளைப் பார்த்தால் எனக்குப் பயம். அதனால் கொஞ்ச தூரம் போனதும் காணிப்பாக்கம் பக்கம் போகிற சின்ன ரோட்டில் இறங்கினேன். எஸ்தர் புடவையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள், இரண்டு காலும் இடது பக்கம். மடியில் பீன்ஸ் பை. ஹெல்மெட் ஒன்றுதான் இருந்தது, அது என் தலையில்.

ஒரு இறக்கத்தின் முடிவில் ரோடு இடது பக்கம் திரும்பியது. கரும்பு டிராக்டர் வந்து போன மண் ஓரத்தில் கிடந்தது. வண்டி வழுக்கிவிட்டது. இதுதான் அன்றைக்கு எல்லோரிடமும் நான் சொன்னது. ஆம்புலன்ஸ்காரரிடம், டாக்டரிடம், ப்ரியாவிடம், போலீஸிடம். மண் இருந்தது, வழுக்கிவிட்டது.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. எஸ்தரின் இடது கால் வண்டிக்கு அடியில் கிடந்தது. வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது முழங்காலுக்குக் கீழே காலின் வடிவமே மாறியிருந்தது. கிழிந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அவள் ஒரு சத்தமும் போடவில்லை. வலியில் மயங்கியிருப்பாள் என்று நினைத்தேன். கண் திறந்துதான் இருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே இருக்கிற இரண்டு எலும்பும் உடைந்து, பெரிய எலும்பின் முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது என்றார் டாக்டர். உள்ளேயே உடைந்தால் அது எலும்பு முறிவு மட்டும்தான். தோலைக் கிழித்து வெளியே வந்தால் ரோட்டு மண் நேராக எலும்புக்குப் போய்விடுகிறது. மண்ணோடு கிருமியும் போகிறது. அதைச் சீக்கிரம் கழுவியாக வேண்டும். டெட்டனஸ் ஊசி, வலி ஊசி போட்டு, காலுக்குக் கீழே மாவுப் பட்டை வைத்துக் கட்டி, "திருப்பதிக்குக் கூட்டிக்கினு போங்க, லேட் பண்ணாதீங்க" என்றார்.

திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அரசாங்க ஹெல்த் கார்டை அங்கே ஏற்றுக்கொள்வார்கள். போன உடனே ரத்தம் எடுத்தார்கள். சிறிது நேரத்தில் நர்ஸ் வந்து, "சுகர் எத்தனை வருஷமா கீது?" என்று கேட்டாள்.

"சுகரா? அவளுக்கு அதெல்லாம் இல்லீங்க."

நர்ஸ் சீட்டைக் காட்டினாள். எஸ்தருக்குச் சர்க்கரை நோய் இருப்பது அந்த வராண்டாவில்தான் எங்களுக்குத் தெரிந்தது. எவ்வளவு நாளாக இருந்ததோ. காலில் அடிபடாமல் இருந்திருந்தால் தெரியாமலே இருந்திருக்கும். சர்க்கரை ஏறிய உடம்பில் புண் லேசில் ஆறாது, கிருமிக்கு அது நல்ல இடம் என்று டாக்டர் விளக்கினார். முதலில் இன்சுலின், அப்புறம் ஆபரேஷன்.

உடைந்த இடத்தைக் கழுவி, வெளிக் கம்பி போட்டார்கள். எலும்பு உடைந்த இடத்துக்கு மேலேயும் கீழேயும் தோலுக்கு வெளியிலிருந்தே திருகுகளை எலும்பில் இறக்கி, அந்தத் திருகுகளை வெளியே ஒரு கம்பியால் சேர்த்துப் பூட்டுவது. புண் திறந்திருக்கும்போது உள்ளே பிளேட் வைத்தால் கிருமி அதில் ஒட்டிக்கொண்டால் விடாதாம். அதனால் கம்பி வெளியே. முதன்முதலில் அதைப் பார்த்தபோது காலில் ஒரு ஜன்னல் கிராதியை முளைக்கவைத்துவிட்டது போல இருந்தது.

நான்கு கட்டில் போட்ட அறை. இடையில் பச்சைத் திரை. பக்கத்துக் கட்டிலில் லட்சுமம்மா என்கிற அம்மா, இடுப்பு எலும்பு உடைந்தவர். தெலுங்குக்காரர். எஸ்தருக்கும் எனக்கும் தெலுங்கு நன்றாகவே வரும், ஆனால் அவருக்கு எங்களோடு தமிழ் பேசிப் பார்ப்பதில் ஒரு ஆசை. அவரோடு எஸ்தர் பேசினாள். நர்ஸோடு பேசினாள். தரை துடைக்க வருகிறவளிடம் அவளுடைய ஜாக்கெட் தோள்பட்டையில் ஏன் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று சொன்னாள். என்னோடு மட்டும் பேசவில்லை.

முதல் இரண்டு நாள் எனக்கு அது தெரியவில்லை. மயக்க மருந்து, வலி என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் "இட்லி துன்றியா, பன்னு துன்றியா?" என்று கேட்டேன். விரலால் இட்லியைக் காட்டினாள். "வலி எப்படி கீது?" தலையை அசைத்தாள். அன்று முழுவதும் தலையும் விரலும்தான்.

அந்த அறையில் ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்தான் துணை. நான்தான் அவளுக்குப் பல் தேய்க்கத் தண்ணீர் கொடுத்தேன், முகம் துடைத்தேன், தலை வாரினேன், பெட்பேன் வைத்து எடுத்தேன். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் இப்படி அவள் உடம்பைப் பார்த்துக்கொண்டதில்லை. இதற்கெல்லாம் இடம் கொடுத்தாள், வார்த்தை மட்டும் கொடுக்கவில்லை. வாரும்போது முடி சிக்கி இழுத்தால்கூட "ஸ்" என்பதோடு சரி. பகலெல்லாம் மருந்துச் சீட்டைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்கினேன். ரத்தப் பரிசோதனை ஒரு மாடி, எக்ஸ்ரே ஒரு மாடி, கார்டுக்கு முத்திரை வாங்க இன்னொரு மாடி. ஒவ்வொரு இடத்திலும் பெயரைக் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே தூங்குவது எனக்குப் பழகிவிட்டது. அதிலும் அதிகக் களைப்பு, மேலே வந்து அந்த மௌனத்துக்குப் பக்கத்தில் உட்காருவதுதான்.

ஒரு மத்தியானம் நான் கட்டிலுக்குக் கீழே பாயை மடித்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் ப்ரியாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ப்ரியா சித்தூரில் எஸ்தரின் தங்கை வீட்டில் இருந்தாள்.

"உங்க நைனாகிட்ட சொல்லு, தண்ணி பாட்டில் எட்டல."

போனுக்குள் ப்ரியா ஏதோ கேட்டாள்.

"கீறாரு. பக்கத்துலதான் கீறாரு. நீ சொல்லு."

அவள் போனை வைத்ததும் என் போன் அடித்தது.

"நைனா, அம்மாவுக்குத் தண்ணி வேணுமாம்."

"காதுல வுழுந்துச்சும்மா. குடுத்துட்டேன்."

"ரெண்டு பேரும் சண்டையா?"

"இல்லம்மா."

"பின்ன ஏன் நைனா சித்தூர் வழியா தண்ணி கேக்கறாங்க?"

என் போனில் ப்ரியா கேட்டது லட்சுமம்மா காதிலும் விழுந்துவிட்டது. சிரித்தால் இடுப்பு வலிக்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டார். எஸ்தர் திரைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டயர் விஷயம் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, அந்தக் கோபம்தான் இது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

ஆறாம் நாள் ஹெல்த் கார்டுக்கு ஒரு சான்று குறைகிறது என்றார்கள். லட்சுமம்மாவின் மகளிடம் எஸ்தரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸில் சித்தூர் போனேன். அந்த வேலை முடிந்ததும் கால் தானாகவே அன்வர் பாய் ஷெட்டுக்குப் போனது. என் வண்டியை அங்கேதான் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அன்வர் பாய்க்கு என் வயதுதான் இருக்கும். சபைத் தெருமுனையில் மெக்கானிக்.

அவர் எதுவும் கேட்காமல் முன் டயரைக் காட்டினார். "நகத்தால அமுத்திப் பாருங்க."

அமுக்கினேன். நகம் மடங்கியது, ரப்பர் மடங்கவில்லை. அடுத்து பின் டயரில் அமுக்கச் சொன்னார். நகம் பதிந்தது. முன் டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நான்கு எண் இருந்தது. முதல் இரண்டு எண் வாரம், கடைசி இரண்டு எண் வருஷம். அந்த டயர் செய்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

"கட்டை கீதுன்னு பாத்தீங்க. ரப்பரு செத்துப் போயிருக்குது சாரு. இது ரோட்டைப் புடிக்காது, ரோட்டு மேல வழுக்கும். எங்கேயோ நின்னுக்கினு இருந்த வண்டியில இருந்து கழட்டியிருப்பாங்க."

எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. குற்றத்துக்கு ஒரு முகம் கிடைத்தது போல. அதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டார்.

"வளைவுக்குள்ள போன பின்னாடி முன் பிரேக்கைப் புடிச்சீங்களா?"

எனக்குக் கை ஞாபகத்துக்கு வந்தது. ரோடு திரும்புகிறது, நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் திரும்புகிறது, எதிரே வேப்பமரம், என் கண் அந்த மரத்திலேயே இருக்கிறது, வலது கை தானாக இறுகுகிறது.

"புடிச்சேன்."

"அப்டின்னா புது டயரா இருந்தாலும் கஷ்டம்தான். சாஞ்ச வண்டியில முன் வீலு ஒரு வேலைதான் செய்யும் சாரு. திரும்பும், இல்லாட்டி நிக்கும். ரெண்டையும் சேத்துக் கேட்டா வுட்டுடும். அதுலயும் இந்த டயரு, கீழ மண்ணு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவையும் பார்த்துக்கொண்டே வந்தேன். டிரைவர் எல்லா வளைவுக்கும் முன்னாலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டார். வளைவுக்குள் போன பிறகு ஒரு இடத்தில்கூட பிரேக் பிடிக்கவில்லை. இருபது வருஷம் பஸ்ஸில் போயும் அதை நான் கவனித்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது எஸ்தருக்குக் காய்ச்சல். திரைக்கு வெளியே நிற்கும்போதே வாடை வந்தது. ஏழாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். புண்ணின் ஓரத்தில் தோல் கறுத்திருந்தது. எட்டாம் நாள் பெரிய டாக்டர் வந்தார். நிதானமாகப் பேசுகிறவர். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார்.

"நாளைக்கு இன்னொரு தடவை தியேட்டர்ல வச்சுக் கழுவப் போறோம். செத்த சதையை எடுத்துடுவோம். பெரும்பாலும் அதோட கட்டுக்குள்ள வந்துடும். ஆனா உள்ளே எலும்பு வரைக்கும் சீழ் பரவியிருந்தா, உயிருக்கு ஆபத்தாகிடும். அப்படி இருந்தா முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம். திறந்து பார்த்தாத்தான் தெரியும். ரெண்டுக்கும் சேர்த்து சம்மதம் வேணும்."

நர்ஸ் ஒரு ஃபாரத்தை என்னிடம் நீட்டினாள். தையல் மெஷினை மிதிக்கிற கால் என்று எனக்குத் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர்" என்றாள் எஸ்தர். "அத என்கிட்ட குடுங்க. என் காலு. நான் போடறேன்."

படுத்தபடியே வாங்கி, தெலுங்கில் அச்சடித்திருந்ததை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். புரியாத ஒரு வார்த்தையை டாக்டரிடம் கேட்டாள். அப்புறம் கையெழுத்துப் போட்டாள். எனக்கு அவளுக்குக் கீழே, சாட்சி என்கிற இடத்தில்தான் கையெழுத்து.

ஒன்பதாம் நாள் காலை அவளைத் தள்ளுகட்டிலில் ஏற்றித் தியேட்டர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எங்களுக்கு முன்னால் ஒருவர் இருந்தார். காத்திருக்கச் சொன்னார்கள். பச்சைத் துணி, தலையில் குல்லா. தாலிச் சங்கிலியைக் கழற்றி என் கையில் கொடுத்திருந்தாள். உள்ளே போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு.

"எஸ்தரு. ஒன்னு சொல்லணும். முன்னாடி டயரு புதுசு இல்ல. செகண்ட்ஸ். ஒன்பது வருசத்து டயரு. உன்கிட்ட புதுசுன்னு பொய் சொன்னேன்."

அவள் கண் கூரையிலிருந்து மெல்ல என் பக்கம் வந்தது.

"டயரா?" என்றாள்.

ஒன்பது நாளில் எனக்கென்று அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"டயருக்காகவா நான் பேசாம கீறேன்னு நெனச்சிக்கினு இருந்தீங்க?"

நான் சங்கிலியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"எறக்கத்துல மெதுவா போங்கன்னு சொன்னேன். ஒரு வாட்டி இல்ல, மூணு வாட்டி. நீங்க இன்னா சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் வரவில்லை. தப்பிக்கப் பார்க்கவில்லை, உண்மையாகவே வரவில்லை.

"வாய மூடிக்கினு ஒக்காருன்னீங்க. மூடிக்கினேன். வுழும்போது கூட நான் கத்தல, பாத்தீங்களா? நீங்கதான மூடிக்கினு ஒக்காரச் சொன்னீங்க."

கதவு திறந்தது. இரண்டு பேர் வந்து கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்த வராண்டாவில் இரும்பு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. பின்னாலிருந்து அவள் குரல், காற்றில் பாதி. நான் பயந்துகொண்டிருந்தேன். வண்டி என் கட்டுப்பாட்டில் இல்லை என்று எனக்குத் தெரியும். அதை அவள் சொல்லிவிட்டாள் என்பதுதான் கோபம். தலையைத் திருப்பாமலே கத்தினேன். என்ன கத்தினேன் என்பதும் இப்போது கேட்டது. போலீஸிடம்கூட மண்ணைச் சொன்னேன், அன்வர் பாயிடம் பிரேக்கைச் சொன்னேன், இதை எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. ஜெபம் செய்யக் கண்ணை மூடினால் அந்தக் குரலே வந்தது. கையில் சங்கிலி வியர்த்துப் போயிருந்தது.

மத்தியானம் ஒன்றரைக்கு டாக்டர் வெளியே வந்தார். மாஸ்க்கை இறக்கினார்.

"எலும்பு வரைக்கும் போகல. காலு இருக்குது" என்றார்.

பக்கத்தில் யாரோ தெரியாதவர் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். அவர் யாருக்காகக் காத்திருந்தார் என்றுகூட நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "தண்ணி" என்றாள். சித்தூர் வழியாக வரவில்லை. ஸ்பூனில் கொடுத்தேன்.

"எஸ்தரு, டயரும் என் தப்பு, பிரேக்கும் என் தப்பு, வாயும் என் தப்பு."

"தெரியும்" என்றாள். "பெட்பேன் எடுங்க."

அவ்வளவுதான். மன்னித்தேன் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் பேசினாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. புண்ணின் மேல் ஸ்பாஞ்ச் வைத்து மூடி, ஒரு குழாயைப் பொருத்தி, சின்ன மெஷின் ஒன்று கசிவையெல்லாம் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு நாள் அதன் முனகல்தான் எங்களுக்குத் துணை. புண் சிவந்து நல்ல சதை வந்ததும், வலது தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து அங்கே ஒட்டினார்கள். ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடம்தான் அதிகமாக வலிக்கிறது என்று எஸ்தர் அழுதாள். நாளுக்கு நாலு தடவை விரல் நுனியில் குத்திச் சுகர் பார்ப்பார்கள். ஊசி குத்தாத விரலே இல்லாமல் போனது. லட்சுமம்மாவின் மகள் வீட்டிலிருந்து ராகிக் களி, அவர்கள் சொல்கிற சங்கடி, கொண்டுவரும்போது எஸ்தருக்கும் ஒரு உருண்டை வைத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ப்ரியா வந்து, அம்மாவின் தலையை என்னிடமிருந்து மீட்டெடுத்து ஒழுங்காகப் பின்னிவிட்டுப் போவாள். நான் வாரிய தலையைப் பார்த்து ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி தலையில் அடித்துக்கொள்வாள்.

இருபத்தெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். கம்பிகள் இன்னும் நாலரை மாதம் காலிலேயே இருந்தன. திருகு இறங்கிய துளைகளை நான்தான் தினமும் மருந்துத் தண்ணீரால் துடைத்தேன். இப்போது கம்பி இல்லை. இடது கால் கொஞ்சம் குட்டை. செருப்புக்குள் ஒரு அட்டை வைத்துக்கொள்கிறாள். தையல் மெஷினுக்கு மோட்டார் போட்டு, வலது காலால் அமுக்கித் தைக்கிறாள். சுகர் மாத்திரை ஆயுளுக்கும்.

இப்போது என்னோடு வேலை செய்கிறவருக்குச் சொல்ல வேண்டியது. சீப்பான டயர் வாங்கலாம், தப்பில்லை. எங்களைப் போன்ற ஆட்கள் வேறு எதை வாங்குவது? பெயர் தெரியாத கம்பெனியாக இருந்தாலும் புதுசாக இருக்கட்டும். பக்கவாட்டில் அந்த நான்கு எண்ணைப் பாருங்கள். வண்டிக்கு எந்த அளவு சொல்லியிருக்கிறதோ அதையே போடுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், மற்றதுக்குக் கிடைக்கும்வரை பஸ்ஸில் போங்கள். முன்னாடி பழசு போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். புது டயர் முதல் சில நாள் வழவழவென்று இருக்கும், அப்போதும் நிதானம் வேண்டும். பின்னால் ஆள் உட்காரும் நாளில் காற்று எவ்வளவு என்று பாருங்கள். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், உள்ளே போய்க் குறைக்கப் பார்க்காதீர்கள். மரத்தைப் பார்த்தால் மரத்துக்கே போவீர்கள், ரோடு எங்கே திரும்பிப் போகிறதோ அங்கே பாருங்கள். இதெல்லாம் அன்வர் பாய் எனக்குச் சொன்னது. நான் சொல்வது ஒன்றுதான். பின்னால் உட்கார்ந்திருப்பவர் மெதுவா என்றால், மெதுவாகப் போங்கள்.

வண்டியை விற்றுவிடலாம் என்று இரண்டு தடவை சொன்னேன். "வேலைக்கு எப்படிப் போவீங்க?" என்று எஸ்தர் கேட்டாள். இரண்டு டயரும் மாற்றினேன். ஆனால் அவள் அதில் ஏறவில்லை. ஷேர் ஆட்டோவில் சபைக்கு வருவாள். நான் பின்னால் தனியாக வருவேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. சித்தூரிலிருந்து பதினைந்து கிலோமீட்டரில் ஒரு கிராமத்தில் கல்யாணம். பெண்ணுக்கு ஜாக்கெட் தைத்தது எஸ்தர். பெண் அதைப் போட்டிருப்பதைப் பார்க்க வேண்டும் என்று எஸ்தருக்கு ஆசை. அந்த ஊருக்கு அந்த நேரத்தில் பஸ் இல்லை. சுடிதார் போட்டுக்கொண்டு, புதிதாக வாங்கிய இரண்டாவது ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"நான் தோள்ல தட்டினா நிறுத்தணும்" என்றாள். "ஏன்னு கேக்கக் கூடாது."

"சரி."

இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார அவளுக்கு நேரமாயிற்று. இடது காலைக் கையால் தூக்கி வைத்துக்கொண்டாள். கிளம்பினோம். ஊர் எல்லை தாண்டுவதற்குள் தட்டினாள். நிறுத்தினேன். இறங்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து "போலாம்" என்றாள். ஒரு பாலத்துக்கு முன்னால் தட்டினாள். நிறுத்தினேன். எதிரே லாரி வந்தபோது தட்டினாள். ஓரங்கட்டி நிறுத்தினேன். இரண்டு கையாலும் என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது விலாவில் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் அவளாகப் போலாம் என்று சொல்லும்வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலாவது தடவை தட்டினது ஒரு நேரான ரோட்டில். வளைவும் இல்லை, எதிரே வண்டியும் இல்லை. நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அவள் காலைத் தூக்கிப் போட்டு, என் தோளை அழுத்திக்கொண்டு கீழே இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"பச்சைக் கடலை வித்துக்கினு கீறாங்க, பாக்கலையா?" என்று சொல்லிவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து ரோட்டோரம் கூடை வைத்திருந்தவளை நோக்கி நடந்தாள்.